எழுதிய மென்பொருளையே எத்தனை தரம் எழுதுவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கில் அலுவலகங்கள் கணினிமயமாவது பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. இன்ன சபை புதிய மென்பொருள் அறிமுகம் செய்தது, இன்ன திணைக்களம் இணையவழிச் சேவை தொடங்கியது என்று. வாசிக்கச் சந்தோஷம்தான். ஆனால் மென்பொருள் துறையில் பல வருடங்களாக வேலை செய்கிறவன் என்ற முறையில், அந்தச் செய்திகளில் ஒருநாளும் வராத ஒரு கேள்வியைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகச் செய்ததாகச் சொல்லப்படும் அந்த மென்பொருளில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே பக்கத்துக் கந்தோரில் சும்மா கிடந்தது?

யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என்று 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகங்கள் 15. சபைகளின் அன்றாட வேலையை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றுதான். சோலைவரி கணக்குப் பார்ப்பது, பற்றுச்சீட்டு அடிப்பது, கட்டட அனுமதி விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று சொல்வது, ஆட்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக விலைமனு கோரி, தனித்தனிக் கம்பனியிடம் கொடுத்து, அடியிலிருந்து செய்யப் புறப்பட்டால் ஒரே வேலைக்குப் பதினேழு தரம் காசு போகும். காசு போவதாவது பரவாயில்லை, ஒரே பிழையும் பதினேழு இடத்தில் பதினேழு விதமாக வரும்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. தனியார் பக்கம் இதைவிட மோசம் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். பெரிய வங்கியோ காப்புறுதி நிறுவனமோ தொலைபேசிக் கம்பனியோ, எதை எடுத்தாலும் உள்ளுக்குள் பல மென்பொருள் குழுக்கள் இருக்கும், மேல் மாடியில் இருக்கிற குழு போன வருடம் செய்து முடித்ததைக் கீழ் மாடியில் இருக்கிற குழு இந்த வருடம் முதலிலிருந்து தொடங்கும். கொழும்புக்குப் போயும், இங்கே வீட்டில் இருந்தபடியும் இப்படியான நிறுவனங்களுக்கு வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர். நல்ல மூளையுள்ள பிள்ளைகள். அவர்களுடைய இளமை இப்படி ஏற்கெனவே முடிந்த வேலையில் கரைவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஒரு சின்னச் சாமானைக் கிட்ட நின்று பார்ப்போம். தேசிய அடையாள அட்டை இலக்கம். இலங்கையில் எழுதப்படுகிற எந்த மென்பொருளிலும் எங்காவது ஓரிடத்தில் இதைச் சரிபார்க்கிற நிரல், அதாவது கணினிக்கு எழுதுகிற கட்டளை வரிகள், ஒரு துண்டு இருக்கும்.

பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் வரும். முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 இலிருந்து வந்த புதிய இலக்கத்தில் 12 எண், வருடம் முழுதாக நான்கு எண்ணில் வரும், எழுத்துக் கிடையாது. பழையதைப் புதியதாக மாற்ற முன்னால் 19 சேர்த்து, நாளுக்கும் அதன் பின்னால் வருகிற தொடரிலக்கத்துக்கும் நடுவில் ஒரு பூச்சியம் போட வேண்டும். இதுவரைக்கும் சுலபம். சிக்கல் பெப்ரவரியில் இருக்கிறது. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள். லீப் வருடமோ இல்லையோ, மார்ச் முதலாம் திகதி 61 ஆவது நாள்தான்.

1985 ஜூலை 15 பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டிப்படி அது வருடத்தின் 196 ஆவது நாள். அட்டைக் கணக்கில் 197, அதோடு 500 சேர்ந்து 697. விஷயம் தெரியாமல் நிரல் எழுதுகிறவர் 500 ஐக் கழித்துவிட்டு, 1985 இல் 197 ஆவது நாள் என்ன திகதி என்று கணினியிடம் கேட்பார். அது ஜூலை 16 என்று சொல்லும். பிறப்புச் சான்றிதழில் 15, கணினியில் 16. பதிவு ஏறாது. அந்த அம்மா வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறி வந்து, பத்திரங்களைக் காட்டி, "என்ரை பிறந்த நாள் எனக்குத் தெரியாதே" என்று கவுண்டரில் வாதாட வேண்டி வரும். இதில் இன்னொன்று, லீப் வருடத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிழை வராது, ஜனவரி பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் வராது, அதனால் ஒன்றிரண்டு இலக்கத்தைப் போட்டுச் சோதித்துப் பார்க்கிறவரின் கண்ணில் படாமலே வழு தப்பிப் போய்விடும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு பெரிய நிறுவனத்தில் மூன்று குழுக்களிடம் இந்த ஒரே துண்டு மூன்று வடிவத்தில் இருந்தது. வாடிக்கையாளர்கள் முறைப்பட்டு, ஒரு குழு பெப்ரவரிப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியது. மற்ற இரண்டு குழுக்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. சேர வழியே இருக்கவில்லை, ஏனென்றால் அந்த மூன்றும் ஒரே சாமான் என்று யாரும் பதிந்து வைக்கவில்லை. திருத்தியவர் நல்ல பொறியியலாளர், மற்ற இரண்டு குழுவிலும் இருந்தவர்களும் நல்ல பொறியியலாளர்கள்தான். ஆட்களில் குறை இல்லை.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மென்பொருளை மீண்டும் பயன்படுத்தாததற்குக் காரணம் சோம்பலோ அறியாமையோ என்று மேலிடத்தில் பலர் நினைக்கிறார்கள். சுற்றறிக்கை ஒன்று அனுப்பினால் சரிவரும் என்றும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "அண்ணை, இது மற்ற ரீமிட்டை இருக்காம், கேட்டுப் பாப்பமே?" என்று கேட்கும். அண்ணன் என்ன சொல்வார்? "இருக்கும் தம்பி. கேட்டு, அவை பாத்து, அனுமதி எடுத்துத் தர ரெண்டு கிழமை போகும். வெள்ளிக்கிழமை குடுக்கவேணும். நீ எழுதிப்போடு." அந்த அண்ணன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவருடைய தலைக்கு மேல் தொங்குவது வெள்ளிக்கிழமை. நிறுவனம் அடுத்த ஐந்து வருடத்தில் மிச்சம் பிடிக்கப்போகிற காசு அவருடைய கணக்கில் எங்கேயும் ஏறாது.

கொடுக்கிற பக்கத்திலும் இதே கதை. தன் குழுவுக்கு மட்டும் ஓடுகிற மாதிரி ஒன்றை எழுதுவது ஒரு வேலை. அதையே முன்பின் தெரியாத இன்னொருவர் எடுத்துப் போட்டாலும் ஓடுகிற மாதிரி எழுதி, சோதனைகள் சேர்த்து, எப்படிப் பாவிப்பது என்று விளக்கம் எழுதி, கேள்வி வந்தால் பதில் சொல்லி வைத்திருப்பது வேறு வேலை. அதற்குக் குறைந்தது மூன்று மடங்கு உழைப்புப் போகும் என்பது துறையில் ஐம்பது வருடமாக இருக்கிற கணக்கு. அந்த மேலதிக இரண்டு மடங்கு யாருடைய நேரம்? எந்தத் திட்டத்தின் காசு? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற நிறுவனத்தில் பகிர்வு நடக்கிறது. பதில் இல்லாத நிறுவனத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் நடப்பதில்லை. வருட முடிவில் பதவி உயர்வுக்குப் பெயர் எடுக்கும்போது "புதிதாக என்ன செய்தீர்?" என்றுதான் கேட்கிறார்கள். "நீர் செய்ததை எத்தனை பேர் எடுத்துப் பாவித்தார்கள்? மற்றவர் செய்ததில் எதை எடுத்து நேரத்தை மிச்சம் பிடித்தீர்?" என்று யாராவது கேட்டு நான் கண்டதில்லை.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 1968 இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரத்தில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், மென்பொருளையும் தொழிற்சாலை உதிரிப்பாகம் மாதிரித் தயாரித்து, பட்டியல் பார்த்து எடுத்துப் பூட்டுகிற நிலை வர வேண்டும் என்று சொன்னார். பிறகு யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில், சின்னச் சின்ன நிரல்களை ஒன்றின் வாயோடு மற்றதைப் பொருத்திப் பெரிய வேலை செய்கிற குழாய் முறையும் அவருடைய யோசனையிலிருந்து 1973 இல் வந்தது. இன்று யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்கிற பலரும் தினமும் அதைத் தொடுகிறார்கள். நிரலை யாரும் பார்த்து எடுத்துப் பாவிக்கலாம் என்று விடுகிற திறந்த மூல மென்பொருள் உலகம் முழுக்க இவ்வளவு பெருகியதே, ஒருவர் செய்ததை மற்றவர் எடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். வெளியே இருந்து இலவசமாக எடுப்பதற்குப் பழகிவிட்டோம், சொந்த நிறுவனத்துக்குள் அடுத்த அறையில் இருப்பதை எடுக்கத்தான் இன்னும் முடியவில்லை.

எங்களுக்கு இது வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களைப் பதியவும், முகாம்களின் விபரம் வைத்திருக்கவும், எங்கே என்ன தேவை என்று பார்க்கவும் இலங்கைத் தன்னார்வலர்கள் சில கிழமைகளுக்குள் எழுதியதுதான் சஹானா என்ற மென்பொருள். அதை மற்றவர்களும் எடுக்கக்கூடியதாகத் திறந்து வைத்தார்கள். அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பயன்பட்டது, பிறகு பிலிப்பைன்ஸ் மண்சரிவில், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில். இங்கே கண்ணீருக்கு நடுவில் எழுதிய நிரல் கடல் கடந்து போய் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளையைத் தேட உதவியிருக்கிறது.

எதிர்ப்பக்கமாக வந்ததும் உண்டு. தென்னாபிரிக்காவில் 1990களில் தொடங்கி நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த சுகாதாரத் தகவல் மென்பொருள் டிஎச்ஐஎஸ்2. 2020 ஜனவரியில் கொரோனா வந்தபோது இலங்கைச் சுகாதாரத் துறையோடு வேலை செய்தவர்கள் முதலிலிருந்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அந்த டிஎச்ஐஎஸ்2 மேல், விமான நிலையத்தில் வருகிறவர்களைப் பதிகிற பகுதியை நாட்கணக்கில் செய்து முடித்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்ததும் பல நாடுகள் எடுத்துப் பாவித்தன, நோர்வேக்காரர்களே எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளம் இருக்கிறதே. 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் விக்கிப்பீடியாவை ஓட்டுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளை எடுத்துத்தான் பக்கங்களைக் கட்டியது. அன்றைக்கு அவர்கள் சொந்தமாக ஒரு மென்பொருள் செய்யப் புறப்பட்டிருந்தால், எங்களுடைய பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் புத்தகங்களும் இவ்வளவு ஏறியிருக்குமா? கையில் இருந்த ஆட்பலத்தை ஆவணங்களில் போட்டார்கள். அதன் பலனை இன்று உலகத்தில் எங்கேயிருந்து தேடுகிற தமிழரும் அனுபவிக்கிறார்.

தமிழ் எழுத்து விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கந்தோர்களில் வருடக்கணக்காகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்ற ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ஒரு மாற்றி எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் ஔகாரம் உடையும், இன்னொன்றில் ஸ்ரீ உடையும், வேறொன்றில் ஆங்கிலத்தில் இருந்த தொலைபேசி விபரமும் தமிழாகிக் குழம்பிப் போகும். பற்றுச்சீட்டு அடிக்கிற மென்பொருள்களிலும் இதுதான் நிலை. கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து அச்சாகிற சீட்டைக் கையில் வாங்காத ஆள் எங்கள் ஊரில் இருக்க முடியாது. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டுகிற வேலையை ஹார்ஃபஸ் என்ற திறந்த மூல நிரல் நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பூட்டிக்கொள்கிற நிரல் தொகுப்பு) எப்போதோ தீர்த்து வைத்துவிட்டது. ஃபயர்பொக்ஸ், குரோம், அன்ட்ரொயிட், லிப்ரேஒஃபிஸ் எல்லாம் அதைத்தான் பாவிக்கின்றன. அதை எடுத்துப் பூட்டுவதற்குப் பதிலாக அரைகுறையாக ஏதோ செய்து, எங்கள் மொழியை எங்கள் கந்தோரே உடைத்து அச்சடிக்கிறது. இதற்கு ஒரு நல்ல மாற்றியும், ஒரு நல்ல பற்றுச்சீட்டுப் பகுதியும் மாகாணத்துக்கே பொதுவாக இருந்தால் போதும்.

சரி, என்ன செய்யலாம்?

பல பெரிய நிறுவனங்கள் முதலில் செய்கிற வேலை, பெரிய களஞ்சியம் ஒன்றைத் திறப்பது. எல்லாக் குழுவும் தங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து போட வேண்டும் என்று கட்டளை. ஆறு மாதத்தில் அது நிறைந்துவிடும், ஒரு வருடத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே கிடப்பதில் எது இன்னும் ஓடுகிறது, எது யாருடையது, பிழை வந்தால் யாரைக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊர்ப் பங்குக் கிணறுகள் தலைமுறை தலைமுறையாக நின்றதற்குக் காரணம் என்ன? கிணறு எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டுச் சும்மா விடவில்லை. யாருக்கு எந்த முறைக்குத் தண்ணீர், வருடத்தில் கிணறு இறைத்துச் சேறு எடுப்பது யார் பொறுப்பு, கப்பி போனால் யார் காசு என்று எல்லாம் பேசி வைத்திருந்தார்கள். பொது மென்பொருளுக்கும் அந்த அளவு ஒழுங்கு வேண்டும்.

ஆகவே நான் சொல்வது, சின்னதாகத் தொடங்குங்கள். ஐம்பது வேண்டாம், நாலு போதும். அடையாள அட்டை இலக்கம் சரிபார்ப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது, தமிழ்ப் பற்றுச்சீட்டு அடிப்பது, பாமினி மாற்றுவது. ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் எழுதப்பட்டு அடிபட்டு வந்ததை எடுத்துத்தான் பொதுவாக்க வேண்டும், ஒருவரும் கேட்காததைப் "பொதுவுக்கு" என்று முன்கூட்டியே செய்து வைப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். அவருடைய கடமைப் பட்டியலிலேயே கிழமைக்கு ஒரு நாள் அதற்கு என்று எழுதுங்கள், மற்ற வேலை முடிந்தபிறகு பார்க்கச் சொன்னால் அது நடக்கவே நடக்காது. மற்றக் குழுக்காரர் ஒரு திருத்தத்தோடு வந்தால் பொறுப்பாளர் அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். திறந்த மூல உலகத்தில் நடக்கிற இந்த முறையையே பெரிய கம்பனிகள் சுவருக்கு உள்ளே கொண்டுவந்து இன்னர்சோர்ஸ் என்று நடத்துகின்றன. கூகுள் இன்னும் ஒருபடி மேலே போய் நிறுவனத்தின் பெரும்பாலான நிரலை ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கிறது, 2015 கணக்குப்படியே ஏறக்குறைய 200 கோடி வரிகள். எந்தப் பொறியியலாளரும் அடுத்த குழு என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்க்க முடியும். அந்த அளவுக்கு நாங்கள் போகத் தேவையில்லை, தேடிப் பார்க்க முடிய வேண்டும் என்ற அந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். எங்கள் நிறுவனங்களில் பாதி இடங்களில் அடுத்த குழுவின் நிரலை வாசிக்கவே அனுமதி கிடையாது. கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர் தரவையும் பூட்டி வைக்கத்தான் வேண்டும். திகதி கணக்குப் பார்க்கிற நிரலையும் ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளக்கக் குறிப்பு நல்லதாக இருக்க வேண்டும். எங்கள் சபைகளில் இதைப் பாவிக்கப் போகிற உத்தியோகத்தர்களுக்குத் தமிழிலும் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்து ஓட்டிப் பார்க்க முடிந்தால் எடுப்பார்கள், அரை நாள் போனால் தாங்களே எழுதிவிடுவார்கள். இதில் ஆட்களை நொந்து பயனில்லை.

அரசாங்கங்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. பிரித்தானியாவில் கோவ்.யூகே நோட்டிஃபை என்று ஒன்று இருக்கிறது, திணைக்களங்கள் மக்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் கடிதமும் அனுப்புகிற பொதுச் சேவை. சின்னச் சபைகளும் அதையே பாவிக்கின்றன. நிரல் திறந்து கிடந்ததால் கனடா அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் அரச நிறுவனங்கள் காசு கொடுத்து எழுதுவித்த நிரலை மற்ற அரச நிறுவனங்களோடு பகிர வேண்டும் என்று 2024 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது. எங்கள் நாட்டிலும் 2025 பெப்ரவரியில் கோவ்பே வந்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் பணம் வாங்கத் தனித்தனி வழி கட்டாமல் எல்லாரும் ஒரே வழியால் வாங்கலாம். அது நல்ல தொடக்கம், மனதார வரவேற்கிறேன். பணம் கட்டுவதற்கு முடிந்தால் பற்றுச்சீட்டுக்கும் முறைப்பாட்டுக்கும் ஏன் முடியாது?

பயப்படுகிறவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1996 ஜூன் 4 ஆம் திகதி பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஆரியான் 5 ரொக்கெட் முதல் பயணத்திலேயே ஒரு நிமிடம் ஆகும் முன் வானத்தில் சிதறியது. காரணம், ஆரியான் 4 இல் வருடக்கணக்காகப் பிழையில்லாமல் ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டது. புதிய ரொக்கெட் கிடைத்திசையில் கூடிய வேகத்தில் போனது, அந்த வேகத்தைக் குறிக்கிற பெரிய எண், நிரலில் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் என்ற சின்ன இடத்துக்குள் அடங்கவில்லை. ஏவிய பிறகு அந்தப் பகுதி ஆரியான் 5 க்குத் தேவையே இல்லை என்பது இன்னும் வேதனை. 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற பிரபலமான நிரல் நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, உலகத்தின் பெரிய நிறுவனங்கள் அதை எங்கெங்கே பாவித்திருக்கிறோம் என்று தெரியாமல் கிழமைக்கணக்காகத் தேடின. ஒரு பொதுப் பொருளில் ஓட்டை விழுந்தால் எல்லார் வீட்டிலும் ஒழுகும் என்பது உண்மை. ஆனால் இந்த இரண்டையும் காட்டி "அதனால்தான் நாங்களே எழுதுகிறோம்" என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எந்த நிபந்தனைக்குள் இது சரியாக ஓடும் என்பதையும் நிரலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், புதிய இடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும், யார் யார் பாவிக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்க வேண்டும். பட்டியல் இருந்தால் ஓட்டையை ஒரு தரம் அடைத்து எல்லாருக்கும் சொல்லலாம். மூன்று குழுக்கள் தனித்தனியாக எழுதினால் மூன்று ஓட்டை இருக்கும், அதில் இரண்டை ஒருவரும் தேடவே மாட்டார்கள்.

கடைசியாகக் காசு விஷயம். சபைகளும் திணைக்களங்களும் விலைமனு கோரும்போது, எழுதப்படுகிற நிரல் யாருக்குச் சொந்தம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். அது எழுதப்படாவிட்டால் பிறகு சின்ன மாற்றத்துக்கும் அதே கம்பனியிடம்தான் போக வேண்டும், பக்கத்துச் சபைக்குக் கொடுக்கவும் முடியாது. "இந்த மென்பொருளின் மூல நிரலும் விளக்கக் குறிப்புகளும் சபைக்கு ஒப்படைக்கப்பட வேண்டும், மாகாணத்தின் ஏனைய உள்ளூராட்சி மன்றங்கள் அதை மேலதிகக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்" என்று இரண்டு வரி. இதனால் உள்ளூர்க் கம்பனிகளின் பிழைப்புப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. ஒவ்வொரு சபையிலும் பூட்டிக் கொடுக்க, பழைய தரவை ஏற்ற, பயிற்சி கொடுக்க, பராமரிக்க ஆட்கள் வேண்டும், அது தொடர்ந்து வருகிற வேலை. ஒரே வரிக் கணக்கை ஐந்தாந்தரம் எழுதுவதைவிட இதில்தான் எங்கள் இளைஞர்களுக்கு அனுபவமும் மரியாதையும் கிடைக்கும்.

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளின் இறுதியாண்டுத் திட்டங்களையும் இதோடு இணைக்கலாம். வருடா வருடம் புதிய செயலி ஒன்று செய்து, புள்ளி வாங்கி, அதோடு அதை மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகப் பாமினி மாற்றி ஒன்றைப் போன வருட மாணவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து, உண்மையான கந்தோர்க் கோப்புகளை வைத்துச் சோதித்து, முன்னேற்றிக் கொடுத்தால் அதற்கும் முழுப் புள்ளி கொடுங்கள். மற்றவர் எழுதிய நிரலை வாசித்து விளங்கித் திருத்துவதுதான் வேலைத்தலத்தில் அவர்கள் முதல் நாளிலிருந்து செய்யப்போகிற வேலை, அதைப் படிக்கும்போதே பழகிவிடட்டும்.

வரவு செலவுத் திட்டம் தயாரிக்கிற சபைச் செயலாளர்களும் உறுப்பினர்களும் இதை வாசித்தால், கணினி மென்பொருளுக்கு என்று காசு ஒதுக்குகிற அந்த வரிக்கு வரும்போது ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். பக்கத்துச் சபைக்கு எடுத்து, "உங்களிட்டை இது இருக்கா? எங்களுக்கும் தருவியளா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை அதை எழுதியவருக்கே கொடுத்து இரண்டு சபைக்கும் பொருந்தச் செய்யுங்கள், மிச்சத்துக்கு வேறு வேலை ஊரில் எவ்வளவோ இருக்கிறது.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.